ஒக்காடாவின் தலையில் ஓர் அடி

மார்ச் 1, 1976 – திங்கள்

நேற்றிரவு சாப்பாட்டுக்கு டொக்டர் விக்னராஜாவும் மனைவியும் வந்திருந்தார்கள். நான் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தேன். வலது கையில் சட்டி, இடது கையில் அகப்பை. அண்ணை கதையை நிறுத்தாமலே என் பக்கம் திரும்பி, "பாமா, கை" என்றார். நாய்க்குக்கூட இதைவிட நாலு சொல் கூடச் சொல்வார்கள். நான் கையை மாற்றினேன். அவர் சொன்னதைவிட, சொன்னவுடன் நான் மாற்றினேனே, அதுதான் இன்னும் எரிகிறது.

எனக்கு இருபத்தைந்து வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க இந்த இடது கையால்தான் நுணுக்குக்காட்டியைத் திருப்பி, ஆட்களின் இரத்தத்தைப் பார்த்துச் சொல்கிறேன். டொக்டர்மார் அதை நம்பி மருந்து கொடுக்கிறார்கள். வீட்டில் அதே கை சொதி ஊற்றக்கூடாது!

சின்ன வயதில் அப்பா என் இடது கையை நாடாவால் இடுப்போடு கட்டிவிட்டுத்தான் சிலேற்றைத் தருவார். கட்டு அவிழ்த்த பிறகு காவல் அண்ணை. இடது கை பென்சிலைத் தொட்டால் கோடு போடுகிற அடிமட்டத்தால் ஒன்று விழும். அப்பா செத்தும் போனார். ஊரை விட்டுச் சிட்னிக்கு, இந்த ஹோம்புஷுக்கு வந்தும் அண்ணையின் காவல் ஓயவில்லை.

மச்சாள் குசினிக்குள் வந்து, "விடு பாமா, உன்ர அண்ணையின்ர குணம் தெரியும்தானே. வந்த ஆக்களுக்கு முன்னால முகத்தை நீட்டாதை" என்றா. முகத்தையும் நீட்டக்கூடாது, கையையும் நீட்டக்கூடாது. வேறு எதை நீட்டுவது?

மார்ச் 9 – செவ்வாய்

ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்து மேசை யோஷிகோ, ஜப்பான்காரி. ஆஷ்ஃபீல்டில் கெண்டோ என்று மூங்கில் வாள் பழக்குகிற கழகம் ஒன்று ஆள் சேர்க்கிறது, போய்ப் பார், இங்கே இருந்து பல்லைக் கடிக்காதே என்றாள். தான் பல் வைத்தியரிடம் போகவேண்டுமாம். தனியே போனேன்.

கழகத்தை நடத்துகிறவர் பிரையன், தச்சுவேலைக்காரர். திரையைக் கட்டி, ஜப்பானியப் படக்கதை ஒன்றின் பக்கங்களை ஸ்லைடு போட்டுக் காட்டினார். மங்கா என்று பெயராம். இளம் சாமுராய் ஒருவன், பேர்போன வாள்வீரன் ஒருவனின் படலையில் வந்து நின்று, வெளியே வா, என்னோடு மோது என்கிறான். அந்தப் பெரிய வீரனோ முற்றத்தில் இருந்து கிழிந்த குடைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இளையவன் கோபத்தில் வாளை உருவி இரண்டு கையாலும் பிடிக்கிறான். இடது கை முன்னால், வலது கை அதற்குப் பின்னால்!

நான் தும்புத்தடி பிடித்து வீடு கூட்டுவதும் அப்படித்தான். கதிரை நுனிக்கே வந்துவிட்டேன். இடது கைக்காரனை வீரனாக வைத்துக் கதை வரைகிற நாடும் உலகத்தில் இருக்கிறது. முன்வரிசையில் இரண்டு ஜப்பானியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சேலையோடு வந்தவள் நான் ஒருத்திதான். சிரிக்கட்டும். பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 16 – செவ்வாய்

இந்த விளையாட்டில் அடிக்கும்போது அடிக்கிற இடத்தின் பெயரைச் சொல்லிக் கத்தவேண்டும். தலை என்றால் "மென்!". கத்தாமல் அடித்த அடி கணக்கில் சேராது. புதிதாக வந்தவர்கள் எல்லாரும் வெட்கப்பட்டு முனகினார்கள். எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. குரல் படலைக்கு வெளியே கேட்கக்கூடாது என்று வளர்த்த பிள்ளை. உள்ளே எவ்வளவோ சரக்குச் சேர்ந்து கிடக்கிறது.

பிறகு மூங்கில் வாளைத் தந்தார்கள். நான் இடது கையை முன்னால் வைத்துப் பிடித்தேன். "வலது முன்னால்" என்றார் பிரையன். நான் இடது கைக்காரி என்றேன். "இங்கே எல்லாரும் ஒரே மாதிரித்தான்" என்று சொல்லிக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, கையை மாற்றி வைத்தார்.

பிரித்தெடுத்து! நாடா ஒன்றுதான் குறை. படத்தில் அவன் இடது கையை முன்னால் வைத்துத்தானே பிடித்தான் என்று கேட்டேன். படம் வேறு, பயிற்சி வேறு என்கிறார். இஞ்சையுமோ? கடல் தாண்டி வந்தும் ஒருத்தன் என்ர கையைப் பிடிச்சு மாத்துவானோ? இவங்களுக்கெல்லாம் என்ர கை என்ன செய்தது? ரயிலில் வரும்போது கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. எதிரே இருந்த கிழவி எனக்கு ஏதோ இழவு என்று நினைத்து மிட்டாய் நீட்டினா. வாங்கிக்கொண்டேன். இடது கையால்.

மார்ச் 17

இனிப் போகமாட்டேன்.

மார்ச் 30 – செவ்வாய்

போனேன். போகாவிட்டால் அவர்கள் வென்றது போலாகிவிடும்.

கழகத்தில் ஆகப் பெரிய வாள்காரர் ஒக்காடா. கம்பளி வாங்குகிற ஜப்பானியக் கம்பனி ஒன்றில் வேலை. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அன்று முன்வரிசையில் சிரித்தவர்களில் ஒருவர். அவரை அடித்தவர் சிட்னியில் இல்லையாம். நேரே போய்ச் சொன்னேன்: "நான் என் பிடியில் வருகிறேன். உங்கள் தலையில் ஓர் அடி வைத்தால், இந்த மண்டபத்தில் இனி என் கையை யாரும் தொடக்கூடாது."

பிரையன் தலையில் கை வைத்தார். இரண்டு வாரப் பிள்ளை, ஒக்காடாவோடு மோதுவதா! ஒக்காடா வாளை எடுத்துக்கொண்டார். "ஓர் அடி. எந்தச் செவ்வாயும் வரலாம்" என்றார்.

பிறகு என்ன? தலைக்கவசத்தைக் கட்டிக்கொண்டு நான் கத்திக்கொண்டு ஓடினேன். அவர் அரை அடி நகர்ந்தார். என் இடது மணிக்கட்டில் ஒன்று விழுந்தது. திரும்பினேன், மறுபடியும் அதே இடத்தில். மூன்றாவதில் வாள் கையிலிருந்து போய்விட்டது. கீழே குனிந்து எடுத்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வீட்டில் ஒரு தராசு, வேலையில் ஒரு தராசு என்று எனக்கு அலுத்துவிட்டது. என் கை என் கையாக இருக்க ஒரே ஓர் இடம் வேண்டும். அந்த மண்டபத்தைத்தான் அதற்குப் பிடித்து வைத்திருக்கிறேன். விடமாட்டேன்.

ஏப்ரல் 14

யோஷிகோவின் தம்பி ஊரிலிருந்து அந்த மங்கா வருகிற சஞ்சிகையைக் கப்பலில் அனுப்புகிறான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் எனக்குக் கதை சொல்கிறாள். இளம் சாமுராய் ஒவ்வொரு மாரி முடியவும் அந்தக் குடைக்கார வீரனிடம் போகிறான், அடி வாங்கிக்கொண்டு வருகிறான். முதல் வருடம் குடைக் கம்பியால் அடித்தானாம். இரண்டாம் வருடம் ஈரக் குடையை முகத்தில் விரித்தானாம். ஏன் தோற்றாய் என்று மட்டும் ஒருநாளும் சொல்வதில்லை.

"அவனுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா? சொன்னால் என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுமே" என்கிறாள் யோஷிகோ.

மே 4 – செவ்வாய்

அடி.

மே 11 – செவ்வாய்

அடி. இன்றைக்கு முழங்கைக்கு மேலே. ஒக்காடா மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு யாருக்கு வேண்டும்?

ஜூன் 8 – செவ்வாய்



யோஷிகோ இன்று கதையின் முதல் அத்தியாயம் வந்த சஞ்சிகையை எனக்கென்றே கொண்டுவந்து தந்தாள். பக்கத்தைத் திருப்பினேன். அதே படலை, அதே குடை. இளையவன் வாளை உருவிப் பிடித்திருக்கிறான். வலது கை முன்னால்.

இது வேறு புத்தகம் என்றேன். இதேதான் என்றாள். நான் ஸ்லைடில் கண்டதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். "ஸ்லைடைப் பின்புறமாகப் போட்டிருக்கிறார்கள்! எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிறது போல இருந்திருக்குமே. நீ கவனிக்கவில்லையா?"

எனக்கு ஜப்பானிய எழுத்து எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் ஒன்றுதான். அப்படியொரு இடது கைக்காரன் பிறக்கவே இல்லை. பிறக்காத ஒருத்தனை நம்பி நான் மூன்று மாதம் மணிக்கட்டைக் கொடுத்திருக்கிறேன்.

பின்னேரம் மண்டபத்துக்குப் போய் நேரே கேட்டேன். பிரையன் தனக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ணினார். அவருக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒக்காடா, "ஓம், அதற்குத்தான் சிரித்தோம். எல்லாருக்கும் முன்னால் பிரையனிடம் பிழை என்று சொல்வது மரியாதை இல்லை" என்றார்.

மரியாதையாம்! இவர்கட மரியாதைக்கு நான் விசரி மாதிரி இடது கையைத் தூக்கிக்கொண்டு நிண்டிருக்கிறன். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்ல இவருக்கு நாக்கு வரேல்லை.

ஜூன் 10

யாரிலே கோபம்? பிரையனிலா, ஒக்காடாவிலா, என்னிலா? எல்லாரிலும்தான். ஒருத்தரையும் விடவில்லை.

ஜூன் 22 – செவ்வாய்

முடிவெடுத்துவிட்டேன். அந்தப் படத்து வீரன் இல்லாவிட்டால் இல்லாமல் போகட்டும். அவன் சொல்லியா நான் இடது கைக்காரியாகப் பிறந்தேன்? ஒக்காடா தலையில் ஓர் அடி என்றுதான் பேச்சு. என் பிடியில் என்று சொன்னது நான்தான், அவர் சொன்னது ஓர் அடி என்று மட்டும்தான். என் பிடியில் அடிக்க முடியவில்லை என்றால் அவருடைய பிடியிலேயே அவரை அடிப்பேன். அடித்துவிட்டு என் பிடியை வாங்கிக்கொள்வேன். முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும்.

இன்று வலது கையை முன்னால் வைத்து நின்றேன். பிரையனுக்கு ஒரே சந்தோஷம். நான் அடங்கிவிட்டேன் என்று நினைக்கிறார். நினைக்கட்டும்.

ஓகஸ்ட் 15 – ஞாயிறு

இன்று வீட்டில் பெரிய சண்டை.

சட்டைக் கை மேலே ஏறியிருந்ததை அண்ணை கண்டுவிட்டார். முழங்கையிலிருந்து தோள்வரை நீலமும் மஞ்சளுமாகக் கிடந்தது. "யாரடி அடிச்சது?" என்று எழும்பினார். அலமாரிக்குப் பின்னாலிருந்த மூங்கில் வாளும் வெளியே வந்தது.

"பொம்பிளைப் பிள்ளை தடி தூக்கிக்கொண்டு ஆம்பிளையளோட அடிபடுறதோ? நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச வந்தால் நான் என்னத்தைச் சொல்லுறது? ஆர் உன்ர கையில இப்பிடி அடிச்சது?"

"நீங்களும்தான் அடிச்சனீங்கள். அப்ப ஒருத்தரும் வந்து கேக்கேல்லை!"

அதைச் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது. மண்டபத்தில் கத்திப் பழகின குரலிலே வந்துவிட்டது. கீழ்மாடி வீட்டுக்காரன் தன் உட்கூரையில் தட்டினான். மச்சாள் வாய்க்குள்ளே, "உனக்கு வாய் போதாதெண்டு வாளும் வேணுமோ" என்றா. ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். "நான் அடிக்காட்டி அப்பா அடிச்சிருப்பார். அவர்ர அடி உனக்குத் தெரியாது, பாமா. எனக்குத் தெரியும். நான் அடிமட்டத்தின்ர தட்டைப் பக்கத்தாலதான் அடிச்சனான்" என்றார்.

உண்மையாகவும் இருக்கலாம். இவ்வளவு காலமும் அதை ஏன் சொல்லவில்லை? ஒக்காடாவும் சொல்லமாட்டார், இவரும் சொல்லமாட்டார், அந்தக் குடைக்காரனும் சொல்லமாட்டான். எல்லாருமாகச் சேர்ந்து மௌன விரதம் இருக்கிறார்கள், கை மட்டும் என்னுடையது. சரி, அப்பாவிடமிருந்து காப்பாற்ற அடித்தார். அப்பா செத்த பிறகு "பாமா, கை" என்று சொன்னது யாரிடமிருந்து காப்பாற்ற?

இதை அவரிடம் கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

செப்டெம்பர் 21 – செவ்வாய்

ஒரு விஷயம். ஜூனிலிருந்து வலது கையை முன்னால் வைத்துப் பிடிக்கிறேன். கொப்புளம் எல்லாம் இடது கையில். சின்னவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் கீழே தோல் உரிந்து கிடக்கிறது. வலது உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

பிடி பிழையோ என்று ஒக்காடாவிடம் காட்டினேன். மோதத் தொடங்கின பிறகு அவர் முதல்தரமாகச் சிரித்தார். பிழையில்லை, அதுதான் சரி என்றார். பிடியின் அடியைப் பிடித்திருக்கிற இடது கைதான் வாளைத் தூக்குகிறதாம், அதுதான் வெட்டுகிறதாம். முன்னால் இருக்கிற வலது கைக்கு வாள் போகிற பக்கம் காட்டுகிற வேலை மட்டும்தானாம். வலது கைக்காரர்களுக்கு இதைப் பழக வருடக்கணக்காகும், உங்களுக்கு அது பிறக்கும்போதே இருக்கிறது என்றார்.

"ஏன் இதை முதல்நாளே சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

கேட்கவில்லையாம்! இவ்வளவு மாதம் அடி வாங்கினேன். என் இடது கைக்காகத்தான் சண்டை பிடிக்கிறேன் என்று மண்டபத்துப் பல்லிக்கும் தெரியும். பிரையனுக்கும் தெரிந்திருக்கிறது, எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தாராம். ஜப்பானில் இதைச் சொல்லமாட்டார்கள், கை தானே கண்டுபிடிக்கவேண்டும் என்கிறார் ஒக்காடா. இது ஜப்பான் இல்லை, ஆஷ்ஃபீல்ட் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். வாளைக் கீழே போட்ட சத்தம் மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் சொன்னது சரி. சொல்லாமல் விட்டது சரியில்லை. இரண்டும் உண்மை. இன்னொன்றும் எழுதி வைக்கிறேன்: இந்த விளையாட்டில் இடது கை பெரிது என்பதால் அப்பா கட்டின நாடா நல்ல நாடா ஆகிவிடாது.

நவம்பர் 16 – செவ்வாய்

அடித்தேன்.

முதலில் வழமைபோல இரண்டு தரம் வாங்கினேன். மூன்றாவது தரம் நிற்கும்போது அவருடைய வாள் நுனி கொஞ்சம் இறங்கியது தெரிந்தது. அப்பாவை நினைக்கவில்லை, அண்ணையை நினைக்கவில்லை, ஆரையும் நினைக்கவில்லை. இடது கை எழும்பி விழுந்தது. "மென்!" என்று கத்தினது எனக்கே பிறகுதான் கேட்டது. தலைக்கவசத்தில் பட்ட சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஒக்காடா பின்னால் நகர்ந்து குனிந்து வணங்கினார். "ஓர் அடி. இனி உங்கள் விருப்பம்போலப் பிடிக்கலாம்" என்றார். பிரையனும் மற்றவர்களும் நான் கையை மாற்றப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாற்றவில்லை. அடித்தது இடது கை. அதைக் கொண்டுபோய்ப் பக்கம் காட்டுகிற வேலையில் விடுவதா? அவர்கள் சொல்லி இந்தப் பிடியைப் பிடிக்கவில்லை. இப்போது நானாகப் பிடிக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். பார்க்கிறவனுக்காகவா வாழ்கிறேன்?

நவம்பர் 17

இதை இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது போல இருக்கிறது. இருக்கட்டும்.

டிசெம்பர் 20

யோஷிகோவின் தம்பிக்கு ஏதோ புது வேலையாம், சஞ்சிகை வாங்குவதை நிறுத்திவிட்டான். இளம் சாமுராய் கடைசியில் அந்தக் குடைக்காரனை வென்றானா இல்லையா என்று இனி எனக்குத் தெரியவே தெரியாது. எரிச்சலாக இருக்கிறது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு அந்தத் தம்பி நடுத்தெருவில் விட்டுவிட்டான்.

ஒக்காடாவைக் கம்பனி ஒசாகாவுக்கு மாற்றிவிட்டது. போகமுன் கைகொடுக்க வலது கையை நீட்டினார். நான் இடது கையைக் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் அவரும் தன் இடது கையைக் கொடுத்தார்.

ஜனவரி 23, 1977 – ஞாயிறு

விக்னராஜா குடும்பம் மறுபடியும் சாப்பாட்டுக்கு. இடது கையால் பரிமாறினேன். அண்ணை பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் கறி கேட்டார். இப்படியே பழகட்டும். எனக்கு அவசரமில்லை. கோபமும் இன்னும் மீதி இருக்கிறது.

மார்ச் 1, 1977 – செவ்வாய்

இன்று புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள். பிரையன் பிடியைப் பழக்கிக்கொண்டு வந்தார், நான் பக்கத்தில் நின்றேன். கடைசியில் டெஸ்பினா என்று ஒரு கிரேக்கப் பெண். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, தோள் இரண்டும் நல்ல அகலம். வாளைக் கொடுத்தவுடன் இடது கையை முன்னால் வைத்துப் பிடித்தாள். "வலது முன்னால்" என்றார் பிரையன். மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் இந்தக் கையில் பிரம்பு முறியும்வரை அடித்தார்களாம். இனி யாருக்கும் மாற்றமாட்டாளாம்.

பிரையன் வழமைபோல அவள் விரலைப் பிரிக்கக் கையை நீட்டினார்.

"தொடாதையுங்கோ!"

தமிழில் வந்துவிட்டது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. பிரையனுக்கு விளங்கியிருக்கவேண்டும். கையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நான் டெஸ்பினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கை தூக்குகிறது, எந்தக் கை வெட்டுகிறது, வலது கையின் வேலை என்ன, ஒன்றும் விடாமல் முதல்நாளே சொன்னேன். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவள் ஒரு சொல்லும் நம்பவில்லை. கையை மாற்றவைக்க எல்லாரும் ஏதாவது நல்ல கதை வைத்திருப்பார்கள் என்றாள். கண் இரண்டும் சிவந்துபோய் இருந்தது. வாளை இறுக்கின இறுக்கில் விரல்கள் வெளுத்திருந்தன.

நம்பவேண்டாம், உன் பிடியிலேயே வந்து என்னை அடித்துப் பார் என்றேன். தலைக்கவசத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிரேக்கத்தில் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஒக்காடா போல நான் விலகவில்லை. அடி தலையில் விழவில்லை, கவசம் இல்லாத தோளில் விழுந்தது. கணக்கில் சேராது. இப்போதும் வலிக்கிறது.